பூப்போர்த்த ஏரி: நகரக் கவிதையில் படிமமும் மனிதப் பண்பேற்றமும்

நகரம் எவர் கண்ணுக்கும் முழுதாக அகப்படாத பொருள் என்பதால், அதைப் பாட முற்படும் கவிஞர் முதல் அடியிலேயே ஒரு சிக்கலை எதிர்கொள்கிறார். மலையைத் தொலைவில் நின்றும், மரத்தை அண்ணாந்தும், கடலைக் கரையில் இருந்தும் பார்த்துவிடலாம். சென்னையை அப்படிப் பார்க்க இயலாது. கொரட்டூரில் வாழும் ஒருவருக்குச் சென்னை என்பது ரயில் நிலையத்து நடைமேடையும், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஒரு தெருவும், பாடி மேம்பாலத்து நெரிசலும், ஐப்பசி மழையில் ஏரியின் நீர்மட்டம் பற்றிய கவலையும் சேர்ந்த ஒன்று. மயிலாப்பூரிலோ இராயபுரத்திலோ வாழ்பவருக்கு அதே பெயர் முற்றிலும் வேறான காட்சிகளைத் தரும். இவ்வாறு சிதறிக் கிடக்கும் ஒன்றுக்கு முகமும் கையும் குரலும் கொடுத்து, ஒரே ஆளாக எதிரில் நிறுத்தும் வழியைக் கவிதை நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறது. அவ்வழி எப்போது உண்மையாகிறது, எப்போது வெற்றுச் சொல்லாகச் சரிகிறது என்பதற்குத் தமிழ் அணியிலக்கணம் ஒரு தெளிவான அளவுகோலை வைத்திருக்கிறது. அந்த அளவுகோல் பள்ளித் தேர்வோடு மறக்கப்பட்டுவிடுவது பெரிய இழப்பு.

ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுச் சொல்வது உவமை. அவ்விரண்டும் வேறல்ல, ஒன்றே எனச் சொல்லிவிடுவது உருவகம். உவமை பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என நான்காக வகுக்கிறார். அதாவது செயலாலோ, செயல் தரும் பயனாலோ, வடிவத்தாலோ, நிறத்தாலோ இரு பொருள்கள் ஒத்திருக்கலாம். இந்நான்கில் ஏதேனும் ஒன்றின் வழியாக ஒரு காட்சியையோ ஒலியையோ மணத்தையோ படிப்பவரின் புலனுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துவதைத்தான் இக்காலத் திறனாய்வு படிமம் என்கிறது. அஃறிணைப் பொருளுக்கு மனிதரின் உணர்ச்சியையும் பேச்சையும் செயலையும் ஏற்றிச் சொல்வது மனிதப் பண்பேற்றம் எனப்படுகிறது. இந்தப் பெயர் புதிதாயினும் நெறி பழையது. காதலில் வருந்துவோர் தம் நெஞ்சை உறுப்பும் உணர்வும் உடைய ஓர் ஆளாகப் பாவித்துப் பேசுவதற்குத் தொல்காப்பியப் பொருளியல் இடம் தருகிறது. பேசாப் பொருள்களுக்கும் செவியும் வாயும் இருப்பதாகக் கொண்டு உரைக்கும் வழக்கைப் பவணந்தி முனிவரின் நன்னூலும் ஏற்றுக்கொள்கிறது.

இவற்றுள் நகரக் கவிதைக்கு மிக நெருக்கமானது தண்டியலங்காரம் விளக்கும் தற்குறிப்பேற்றம். இயங்கும் பொருளிலோ இயங்காப் பொருளிலோ இயல்பாக நிகழும் ஒரு நிகழ்ச்சிக்கு, அதன் இயற்கையான காரணத்தை விலக்கிவிட்டுத் தன் மனத்தில் தோன்றிய வேறொரு காரணத்தைக் கவிஞர் ஏற்றிச் சொல்வது இவ்வணி. இவ்விளக்கத்தில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அதன் முதற்பகுதி. நிகழ்ச்சி ஒன்று உண்மையாகவே நடந்திருக்க வேண்டும். அது எவர் கண்ணுக்கும் தெரிவதாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகே கவிஞரின் கற்பனைக்கு அங்கே வேலை. கண்ணால் கண்ட நிகழ்ச்சி இல்லாத இடத்தில் ஏற்றப்படும் உணர்ச்சி அந்தரத்தில் தொங்கும்.

சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதை இதற்குத் தலைசிறந்த சான்று. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு வையையைக் கடந்து மதுரையின் புறநகரை நெருங்கும்போது, கோட்டை மதிலின் மேல் நெடுங்கொடிகள் காற்றில் அசைகின்றன. கொடி காற்றுக்கு அசைவது அன்றாட நிகழ்ச்சி. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இளங்கோவடிகளோ அந்த அசைவை, வரவேண்டாம் என்று கைகாட்டி மறிக்கும் அசைவாகக் காண்கிறார். அவ்வாறு கண்டவுடன் மதுரைக்குக் கைகள் முளைக்கின்றன, வரப்போவது தெரிந்திருக்கிறது, அந்நியர் இருவர் மீது இரக்கமும் பிறந்துவிடுகிறது. இத்தனையும் ஒரு துணியின் அசைவிலிருந்து எழுகின்றன. அதே காதையில், கரையோரச் சோலைகள் உதிர்த்த மலர்களால் நீர் தெரியாதபடி மூடப்பட்டு ஓடும் வையை, கண்ணகிக்கு நேரவிருக்கும் துயரை முன்னரே அறிந்த குலமகளாகி, கண்ணில் நிறைந்த நீரை மறைப்பதற்காகப் பூவாடையைப் போர்த்திக்கொள்கிறாள். ஆறு பூவால் மூடப்பட்டிருந்தது என்பது காட்சி. அழுகையை மறைத்தது என்பது கவிஞர் ஏற்றியது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால்தான் படிப்பவர் அதைப் பொய் என்று தள்ளுவதில்லை.

கம்பரின் மிதிலையிலும் கொடிகள் அசைகின்றன. ஆனால் அங்கே அவை அழைக்கின்றன. தன் தவத்தால் திருமகளே வந்து தங்கியிருக்கிறாள், விரைந்து வருக என்று அந்த நகரம் கொடிக்கைகளை நீட்டி இராமனைக் கூப்பிடுவதாகக் கம்பர் பாடுகிறார். காற்று ஒன்று, கொடி ஒன்று. ஒரு நகரம் விலக்குகிறது, மற்றொரு நகரம் வரவேற்கிறது. இவ்விரு பாடல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும்: நகரத்துக்கு மனம் கொடுக்கும்போது கவிஞர் அந்நகருக்குள் நுழைபவரின் விதியையே எழுதுகிறார்.

பரிபாடலைச் சேர்ந்த பாடல் ஒன்று வேறொரு வழியில் செல்கிறது. மதுரையைத் திருமாலின் உந்தித் தாமரையோடு ஒப்பிட்டு, தெருக்களை இதழ்களாகவும், அரசன் கோயிலை நடுவிலுள்ள பொகுட்டாகவும், தமிழ்க்குடிகளைப் பூந்தாதாகவும் அது காட்டுகிறது. தொல்காப்பியர் சொன்ன நான்கினுள் இது மெய்யுவமம், அதாவது வடிவத்தால் அமைந்த ஒப்பு; நடுவில் அரண்மனையும் அதைச் சுற்றி அடுக்கடுக்காகத் தெருக்களும் அமைந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான படிமம் கிடைப்பது அரிது. மேற்குச் சென்னையைப் பாட வருபவர் இத்தாமரையை எடுத்துக்கொண்டால் அது ஒட்டாது. வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அன்னனூர், ஆவடி என்று ஒரே ரயில் தடத்தின் மேல் வரிசையாக நீளும் ஊர்களுக்கு நடுவும் இல்லை, இதழும் இல்லை. அவற்றின் வடிவம் ஒரு கோடு. படிமம் இடத்தைப் பொறுத்தது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1802ஆம் ஆண்டில் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து கண்ட நகரைப் பொருளாக்கி எழுதிய பதினான்கு அடிப் பாடலும் தண்டியின் அளவுகோலுக்குள் அப்படியே அடங்குகிறது. நகரம் காலையின் அழகை ஆடையாக அணிந்திருப்பதாகவும், வீடுகள் உறங்குவதாகவும், அந்தப் பெருநகரின் இதயம் அசையாமல் கிடப்பதாகவும் அவர் பாடுகிறார். அதற்கு அடிப்படையாக நிற்பது அந்த வைகறையில் இலண்டனின் காற்று புகையற்றுத் தெளிந்திருந்தது என்னும் எளிய காட்சி. பிற்பகலில் அதே பாலத்தில் நின்றிருந்தால் அப்பாடல் பிறந்திருக்காது.

தமிழில் இந்நெறி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தலைகீழாகத் திரும்பியது. சி. சு. செல்லப்பா 1959ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய 'எழுத்து' இதழைச் சுற்றித் திரண்ட புதுக்கவிஞர்கள், ஊரை வாழ்த்தும் மரபை விட்டு, ஊருக்குள் தனித்து நடக்கும் மனிதனைப் பாடத் தொடங்கினர். அவ்விதழில் 1962இல் வெளிவந்த சி. மணியின் 'நரகம்' என்னும் நெடுங்கவிதை, மாலை நேரச் சென்னைத் தெருக்களில் ஆசையும் வெறுமையுமாக அலையும் ஓர் இளைஞனைப் பின்தொடர்கிறது. பழந்தமிழ்ப் பாடல்களின் சாயலைப் பெருநகரக் காட்சிகளோடு உரசவிட்டு, இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவையே அது கவிதையாக்குகிறது. ஞானக்கூத்தனும் ஆத்மாநாமும் பின்னர் வேறு குரல்களில் இந்தச் சென்னையை எழுதினர். மதுரைக்குக் கைகள் முளைத்த காலத்தில் மனிதருக்கும் கைகள் இருந்தன. பெருநகரக் கவிதையில் தெருவும் விளக்கும் வாகனமும் உயிர்பெற்று நடமாட, மனிதர் கூட்டமாகவும் வரிசையாகவும் எண்ணாகவும் குறுகிப் போகின்றனர். மனிதப் பண்பேற்றத்தின் மறுபக்கமான இந்தப் பொருளாக்கம், அதாவது ஆளைப் பொருளாகக் காட்டுவது, நகரக் கவிதையின் தனி அடையாளம் என்றே சொல்லலாம்.

இந்தப் பரிமாற்றத்தை ஏட்டில் மட்டும் தேட வேண்டியதில்லை. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில், ஓடாத இயந்திரம் 'அடம் பிடிக்கிறது', 'மக்கர் பண்ணுகிறது'. இரண்டு ஷிப்டு தொடர்ந்து பார்த்த தொழிலாளிக்கு 'பேட்டரி டவுன் ஆகிவிட்டது'. எந்திரத்துக்குப் பிடிவாதத்தைக் கொடுத்துவிட்டு, தன் உடம்புக்கு மின்கலத்தின் பெயரைச் சூட்டிக்கொள்ளும் இப்பேச்சில் ஒரு தொழிற்பகுதியின் வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. அணியிலக்கணம் படிக்காத வாய்கள் இவ்வளவு துல்லியமாகப் பேசும்போது, படித்த கவிஞர்கள் 'கான்கிரீட் காடு' என்றும் 'நகரம் ஓர் அரக்கன்' என்றும் தேய்ந்த சொற்களை எடுத்தாள்வது வருத்தத்துக்குரியது. அரக்கன் என்று சொல்லும்போது எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எதைக் கண்டு அவ்வாறு தோன்றியது என்பதற்கு அக்கவிதையில் விடை இருப்பதில்லை.

கொரட்டூர்ப் பகுதிக்குப் பாடல் மரபு புதிதன்று. அருகிலுள்ள பாடியில் திருஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம் இருக்கிறது. மேற்கே, சுந்தரர் பாடிய திருமுல்லைவாயில். தொண்டைமானின் யானையை இறைவன் முல்லைக்கொடியால் கட்டிப்போட்ட செய்தியைச் சுந்தரரின் பதிகமே குறிப்பிடுகிறது. கொடியில் சிக்கிய யானையை விடுவிக்க அரசன் வாளை வீசியபோது புதருள் இருந்த இலிங்கம் வெட்டுப்பட்டது என்று தலவரலாறு விரித்துரைக்கிறது. காட்டுக்கொடி ஒன்று படையின் வழியை மறித்து நிற்கும் இக்காட்சியை, நிலத்துக்கும் அதன்மேல் ஏறி வரும் அதிகாரத்துக்கும் இடையிலான மோதலாக இன்றைய வாசகர் படிக்கலாம். பின்னாளில் வள்ளலாரும் இவ்விரு தலங்களையும் பாடியிருக்கிறார். இன்று முல்லைக்காடு இல்லை. அதன் பெயர் ரயில் நிலையப் பலகையில் இருக்கிறது.

நிலம் மறித்து நிற்பதை இப்பகுதி மக்கள் 2015ஆம் ஆண்டுப் பெருமழையில் நேரில் கண்டனர். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் செல்வது பழைய நீர்வழி; இடைப்பட்ட தாழ்நிலங்களில் வீடுகள் எழுந்தபின், அந்த நீர் தெருக்களையும் வாசல்களையும் கடந்துதான் போக வேண்டியிருந்தது. 'ஏரி வீட்டுக்குள்ளே வந்துடுச்சு' என்று அப்போது மக்கள் சொன்னது தற்குறிப்பேற்றத்தின் முதற்படி. ஏரி தன் இடத்தைத் தேடி வந்தது என்று எழுதியவர்கள் அடுத்த படியை எடுத்து வைத்தனர். உண்மையான நிகழ்ச்சியின் மேல் நியாயமான ஒரு காரணத்தை ஏற்றிய நல்ல படிமம் அது. ஆனால் அதன்பின் ஒவ்வொரு மழைக்கும் மேடைகளிலும் தலைப்புகளிலும் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வந்து, கூர் மழுங்கிவிட்டது. படிமம் பழகிவிட்டால் கண் அதைக் கடந்து போய்விடுகிறது. புதிய நிகழ்ச்சியைத் தேடிப் புறப்படுவது கவிஞரின் கடமையாகிறது.

அவ்வாறு தேடுபவருக்குக் கொரட்டூர் ஏரியே ஒரு காட்சியை வைத்திருக்கிறது. ஏரியின் நீர்ப்பரப்பில் ஆகாயத்தாமரை படர்ந்து பூக்கும் நாட்களில், பச்சை இலைகளின் மேல் வெளிர் ஊதா நிறப் பூங்கொத்துகள் எழுந்து நிற்பதைக் கரையிலிருந்து காண்பவர் எவரும் ஒரு கணம் அழகென்றே சொல்வர். கிட்டத்தில் பார்த்தால், ஒவ்வொரு பூவின் மேலிதழிலும் நீல விளிம்பு சூழ்ந்த மஞ்சள் பொட்டொன்று, மயிற்பீலியின் கண்ணைப் போல விழித்திருக்கும். தென் அமெரிக்காவின் அமேசான் வடிநிலத்தைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, கழிவுநீரிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உண்டு கொழுப்பது. தக்க சூழலில் இரண்டே வாரங்களில் இருமடங்காகிவிடக் கூடியது. நீரை முழுதாக மூடி வெளிச்சத்தைத் தடுத்து, அடியிலுள்ள உயிர்வளியைக் குறைத்து, மீன்களை மூச்சுத் திணற வைப்பதும் அதுவே. வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் கலந்த நீர் இந்த ஏரியில் சேர்வது பற்றிய வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது.

இக்காட்சியை வையையின் பூவாடைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஆறு பிறருடைய துயருக்காகப் பூவைப் போர்த்தது. இங்கே ஏரி தனக்கு நேர்ந்ததைப் பூவால் மூடிக்கொண்டிருக்கிறது. அங்கே மலர்கள் கரையோரச் சோலையின் கொடை. இங்கே கழிவு மிகுந்த அளவுக்குப் பூவும் மிகுகிறது. இளங்கோவடிகள் ஆற்றுக்குக் கண் கொடுத்தார். இந்த ஏரியின் பூவிலோ கண் ஏற்கெனவே இருக்கிறது, அது யாரைப் பார்க்கிறது என்பது மட்டுமே கவிஞர் சொல்ல வேண்டிய மிச்சம். நிகழ்ச்சி, நிறம், வடிவம், பயன் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் ஒன்றுசேர்ந்து கிடக்கும் இத்தகைய படிமம் எந்த ஊரிலும் எளிதில் கிடைக்காது. பழைய காப்பியத்தைப் படித்தவரும், ஏரிக்கரையில் நின்று பார்த்தவரும் ஒரே ஆளாக இருந்தால்தான் அது கவிதையில் ஏறும்.

ரயில் நிலையம் மற்றொரு களம். 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சென்ற தடத்தின் மேல்தான் இவ்வூர்கள் அமைந்திருக்கின்றன. பெங்களூருவுக்கும் கோவைக்கும் மும்பைக்கும் செல்லும் விரைவு ரயில்கள் கொரட்டூரில் நிற்பதில்லை. நடைமேடையில் காத்திருப்போரின் ஆடைகளை அலைத்து, பேச்சை நடுவில் அறுத்துவிட்டு அவை கடந்து போகின்றன. கவிஞருக்கு வேண்டிய நிகழ்ச்சி அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. எஸ்ரா பவுண்ட் பாரிஸ் நகரச் சுரங்க ரயில் நிலையமொன்றில் கண்ட முகங்களைப் பற்றி முதலில் முப்பது அடிகள் எழுதி, திருப்தியடையாமல் குறைத்துக் குறைத்து, 1913இல் இரண்டே அடிகளாக வெளியிட்டார். ஈரமான கரிய கிளையில் ஒட்டிய இதழ்களாக அம்முகங்கள் அதில் தோன்றுகின்றன. கொரட்டூரில் மாலை இருட்டியபின் நிற்கும் முகங்களின் மேல் வெளிச்சம் மேலிருந்து விழுவதைவிடக் கையிலுள்ள கைப்பேசியிலிருந்தே மிகுதியாக எழுகிறது. தாடையும் மூக்கின் அடிப்பகுதியும் நீல ஒளியில் தெரிய, நெற்றி இருளில் மறைந்திருக்கும். பவுண்டின் இதழ்களைத் தமிழில் திருப்பி எழுதுவதைக் காட்டிலும் இந்த ஒளியை உற்றுப் பார்ப்பது பயன் தரும்.

அஃறிணைக்கு ஆள்தன்மை கொடுக்கும் இவ்வழக்கம் இப்போது நீதிமன்றம் வரை எட்டியிருப்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். உத்தரகாண்ட் உயர்நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு கங்கையையும் யமுனையையும் சட்டப்படியான ஆட்களாக அறிவித்தது; அவ்வாண்டே உச்சநீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஏப்ரலில் வழங்கிய தீர்ப்பொன்றில், இயற்கை அன்னையை உரிமைகளும் கடமைகளும் உடைய உயிருள்ள ஆளாக அறிவித்தது. இளங்கோவடிகள் வையையைப் பெண்ணாகக் கண்ட அதே மதுரையில் இத்தீர்ப்பு பிறந்தது பொருத்தமானது. கவிதையின் ஆளும் சட்டத்தின் ஆளும் ஒன்றல்ல. ஆயினும் பேச இயலாத ஒன்றுக்காக ஒருவர் பேச முன்வருவது இரண்டிலும் உண்டு, அவ்வாறு பேசுபவர் முதலில் அதைக் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும் என்பதும் இரண்டிலும் உண்டு.

தமிழாசிரியர்கள் தற்குறிப்பேற்ற அணியை நடத்தும்போது சிலம்பின் கொடிக்காட்சியைச் சொல்லி, விளக்கத்தை எழுதவைத்து, அடுத்த அணிக்குச் சென்றுவிடுவது பாடத்திட்டத்தின் நெருக்கடியால் நேர்வது. கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் உள்ள பள்ளிகள் அந்த ஒரு பாடவேளையையேனும் பிள்ளைகளை ஏரிக்கரைக்கோ ரயில் நிலையத்துக்கோ அழைத்துச் சென்று நடத்தட்டும்; கண்ட நிகழ்ச்சியை ஒரு வரியிலும், அதற்குத் தாம் ஏற்றும் காரணத்தை அடுத்த வரியிலும் அவர்கள் எழுதட்டும்.